சாவி வந்த வாரமே சோஃபா வாங்க வேண்டாம்: முதல் வீட்டை அமைக்கும் முறை

தாம்பரம் பக்கம் என் தங்கை ஃபிளாட் வாங்கியபோது, பத்திரப் பதிவு முடிந்த அதே வாரம் ஒரு எல் வடிவ சோஃபாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். கடையில் அது அழகாகத்தான் இருந்தது. கடையின் கூரை அவ்வளவு உயரம், தளம் ஒரு கல்யாண மண்டபம் அளவு. வீட்டு ஹாலோ 10 அடிக்கு 16 அடி. சோஃபா வந்து இறங்கியதும் பால்கனிக் கதவு பாதிதான் திறந்தது. பொங்கலுக்கு அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் எல்லோரும் வந்தபோது ராத்திரி பாய் விரிக்க இடமில்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாங்கிய விலையில் கால் பங்குக்கு அதை விற்றாள். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த வீட்டை முதலிலிருந்து மறுபடி அடுக்கினோம்.

அப்போது கற்றுக்கொண்டதையும், அதன்பின் உறவினர், நண்பர் வீடுகளில் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது 700 முதல் 900 சதுர அடிக்குள் இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட். வாடகை வீட்டுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். எந்த ஸ்டைல், எந்த நிறம் என்ற கேள்விகள் பாதி வழியில்தான் வரும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்குக் காசும் ஆகாது.

வெயிலும் காற்றும்

ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. இவற்றோடு காலி வீட்டில் ஒரு நாள் முழுக்க இருங்கள். காலை 8 மணி, மதியம் 1 மணி, மாலை 4 மணி, விளக்கு வைக்கும் நேரம் என நான்கு தடவை ஒவ்வோர் அறையிலும் போய் நில்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்த ஜன்னலில் வந்து எதன் வழியே வெளியேறுகிறது, லைட் போடாமல் பேப்பர் படிக்க எங்கே முடிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எந்தச் சுவர் வழியாகக் கேட்கிறது என்பதுகூட அன்றைக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் வீட்டைப் பாடாய்ப்படுத்துவது மேற்கு வெயில். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் தலைக்கு நேரேயோ சற்று வடக்கே சாய்ந்தோ இருக்கும். அதை ஜன்னல் மேலுள்ள சன்ஷேட் தடுத்துவிடும். நான்கு மணி வெயில் அப்படியல்ல. தாழ இறங்கி, நேராக அறைக்குள் வரும். சுவரும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வெகு நேரம் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் மேற்கு வெளிச்சுவரில் கட்டிலின் தலைமாட்டை வைக்க வேண்டாம். பீரோ, புத்தக அலமாரி போன்றவற்றை அங்கே நிறுத்தினால் சூடு கொஞ்சம் தணியும். ஆனால் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிச்சுவர் ஈரம் இழுக்கும். ஒட்டி நிறுத்திய அலமாரியின் பின்பலகையில் பூஞ்சை பிடித்து, பட்டுப்புடவை வரைக்கும் அந்த வாடை ஏறிவிடும்.

சென்னையில் கோடைப் பிற்பகலின் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குப் பக்கமிருந்து வரும். அந்தப் பக்கத்து ஜன்னலை அலமாரி வைத்து மறைக்காதீர்கள். காற்று உள்ளே வர ஒரு வாசல் போதாது, போகவும் ஒரு வாசல் வேண்டும். எதிர்ச் சுவரில் ஜன்னல் இல்லாவிட்டால் அந்த அறைக் கதவுதான் வெளியேறும் வழி. அதன் நேர்கோட்டில் உயரமான எதையும் நிறுத்தக் கூடாது.

டைல்ஸ்தான் உங்கள் கிராஃப் தாள்

இப்போதைய ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் டேப் வைத்து அளந்துகொண்டால், பிறகு எண்ணினாலே போதும். ஹால் ஐந்து டைல்ஸ் அகலம், எட்டு டைல்ஸ் நீளம் என்று கட்டம் போட்ட நோட்டில் அப்படியே வரையலாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, பிளக் பாயின்ட், சுவிட்ச்போர்டு, ஏசி பாயின்ட் எங்கே என்பதையும் குறித்துவிடுங்கள். ஃபேன் கொக்கியின் இடத்தை மறந்துவிடுவார்கள். கட்டில் எங்கே போனாலும் காற்று கொக்கிக்குக் கீழேதான் விழும் என்பதால் அதையும் குறிப்பது நல்லது.

இன்னொன்று. லிஃப்ட் கதவின் அகலத்தையும் உள்ளளவையும், மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்து வையுங்கள். ஆறே முக்கால் அடி சோஃபா வீட்டுக்குள் பொருந்தலாம். மூன்றாவது மாடிக்கு ஏறுமா என்பது வேறு கேள்வி.

வரைந்த பிறகு பழைய செய்தித்தாள்களை எடுத்து, வாங்க நினைக்கும் பொருளின் அளவுக்குத் தரையில் ஒட்டுங்கள். மூன்று பேர் உட்காரும் சோஃபா என்றால் ஏறக்குறைய 7 அடிக்கு 3 அடி. குயின் கட்டில் மெத்தைக்கு 60 அங்குலம் அகலம், 78 அங்குலம் நீளம். சட்டத்தோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கிங் என்றால் அகலம் 72 அங்குலம். துணி அலமாரியின் ஆழம் 2 அடி, அதன் கதவு திறக்க இன்னொரு இரண்டடி. ஒட்டிய தாளை மிதிக்காமல் இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கெல்லாம் உங்களை அறியாமல் தாளை மிதிக்கிறீர்களோ அங்கெல்லாம் அந்தப் பொருள் நாளைக்கு முழங்காலில் இடிக்கும்.

என்னென்ன வைப்பது, என்னென்ன நடப்பது

வீடு அமைக்கத் தொடங்குகிறவர்கள் பொருட்களைப் பட்டியல் போடுவார்கள்: சோஃபா, டீப்பாய், டிவி யூனிட், டைனிங் டேபிள். நான் கேட்டுக்கொள்வது வேறொரு பட்டியல். உங்கள் வீட்டில் ஒரு நாளில், ஒரு வருடத்தில் என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள். யார் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள்? காய்ந்த துணி எங்கே குவிகிறது, எங்கே மடிக்கப்படுகிறது? பிள்ளைகள் எங்கே படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்? வெள்ளிக்கிழமை விளக்கு எங்கே ஏற்றுவீர்கள்? கொலு வைக்கும் வழக்கம் உண்டா? வருடத்தில் எத்தனை ராத்திரி ஹாலில் நாலு பேருக்கு மேல் படுக்கிறார்கள்? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் போன் பேசும்போது கதவை அடைக்க ஓர் அறை இருக்கிறதா?

என் தங்கை வீட்டில் இந்தப் பட்டியல் எழுதி முடித்தபோது ஒன்று புரிந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டவை தரையில் நடக்கிறவை. அந்த வீட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்பட்டது ஆறடிக்கு எட்டடி வெறுந்தரை. காலையில் துணி மடிக்க, மாலையில் குழந்தை விளையாட, ராத்திரி விருந்தாளிக்குப் பாய் விரிக்க, நவராத்திரிக்குப் படி கட்ட எல்லாமே அந்த ஓர் இடத்தில்தான். அதை முதலில் படத்தில் கட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில்தான் பொருட்களை வைத்தோம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: காலி இடத்தையும் ஒரு பொருளாக நினைத்து, அதற்கு முதலில் இடம் கொடுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்கள் பூஜை இடம், தலை வைக்கும் திசை போன்றவற்றை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எல்லாம் அடுக்கி முடித்தபின் பெரியவர் ஒருவர் வந்து சொல்லிக் கட்டிலைத் திருப்பினால், பிளக் பாயின்ட்டும் விளக்கும் ஃபேனும் எல்லாம் இடம் மாறிப்போகும்.

ஹால்: நடைவழியை முதலில் போடுங்கள்

வாசற்கதவிலிருந்து சமையலறைக்கு, படுக்கையறைக்கு, பால்கனிக்கு என மூன்று கோடுகளைப் படத்தில் வரையுங்கள். முக்கியமான நடைவழிக்கு 3 அடி அகலம் வேண்டும். மிகச் சின்ன வீட்டில் இரண்டரை அடி வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் தோளைத் திருப்பித்தான் நடக்க வேண்டியிருக்கும். டிவிக்கும் பார்ப்பவருக்கும் நடுவே இந்தக் கோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

43 அங்குல டிவிக்கு ஆறிலிருந்து ஒன்பது அடி தூரம் சரியாக இருக்கும். 10 அடி அகல ஹாலில் சோஃபாவின் 3 அடி ஆழம் போனால் மிச்சம் ஏழு அடி. அங்கே 65 அங்குல டிவி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், படம் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டியிருக்கும். டிவியின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து 42 அங்குலம் அளவில் அது வரும். தரையில் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால் இன்னும் தாழ்த்துங்கள். மேலே தூக்கி மாட்டுவது கழுத்துக்குக் கேடு.

சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி. கை நீட்டினால் டம்ளர் எட்ட வேண்டும், கால் இடிக்கக் கூடாது. நான் பெரும்பாலும் டீப்பாய் வேண்டாம் என்றே சொல்வேன். ஹாலின் நடு இடத்தை அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது. சோஃபாவின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போதும், தூக்கி நகர்த்திவிடலாம். சோஃபாவுக்கே கால்கள் இருக்கட்டும், அடியில் ஆறு அங்குலம் இடைவெளி தெரியட்டும். துடைப்பமும் மாப்பும் உள்ளே போகும். தரை கண்ணுக்குத் தொடர்ந்து தெரிவதால் அறையும் பெரிதாகத் தோன்றும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பஞ்சு மாதிரி அமுங்கும் தாழ்ந்த சோஃபா கூடவே கூடாது. 18 அங்குல உயரத்தில், கை ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி கொண்ட ஒரு நாற்காலி, ஜன்னல் பக்கம், பக்கத்தில் ஒரு லைட். முழங்கால் வலியுள்ள என் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த நாற்காலியில்தான் இருப்பார்.

டைனிங் டேபிளில் ஒரு ஆளுக்கு 2 அடி அகலம் வேண்டும், நாற்காலியை இழுத்து எழ இன்னும் மூன்றடி. நால்வர் மேஜை 4 அடிக்கு இரண்டரை அடி என்றாலும், இரு பக்கமும் நாற்காலி இழுக்கும் இடத்தோடு சேர்த்தால் எட்டரை அடி வரை கேட்கும். ஹாலில் அவ்வளவு இல்லையென்றால் சுவரை ஒட்டிப் போடுங்கள், அல்லது மடக்கு மேஜை வாங்குங்கள். பல வீடுகளில் டைனிங் டேபிளின் மேல் அயர்ன் செய்ய வேண்டிய துணி கிடப்பதையும், குடும்பம் டிவி முன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்க்கிறேன். நீங்களும் அப்படித்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்த மேஜை உங்களுக்குத் தேவையில்லை.

ஸ்டைல் என்பது எங்கிருந்து வந்தது

இப்போது ஸ்டைலுக்கு வரலாம். போனில் பார்க்கும் படங்களில் ஸ்காண்டிநேவியன், ஜப்பானிய பாணி, செட்டிநாடு, இண்டஸ்ட்ரியல் என்று நூறு பெயர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஊரின் வெயிலுக்கும் குளிருக்கும் வாழ்க்கைக்கும் கிடைத்த விடை. அந்தக் காரணம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்துப் பகல் சில மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளைச் சுவர், வெளிறிய மரம். நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. தூய வெள்ளைச் சுவரும் பளபளக்கும் ஐவரி டைல்ஸும் சேர்ந்தால் மேற்கு ஜன்னல் அறையில் கண் கூசும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது லேசான மரச்சாமான்களை. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1933இல் வடிவமைத்த மூன்று கால் ஸ்டூல் இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். விருந்தாளி வந்தால் பரப்பு, போனால் அடுக்கு. இது நம் வீட்டுக்கு எவ்வளவு பொருத்தம்!

ஜப்பானியப் பழைய வீடுகளில் ராத்திரி படுக்கையை விரிப்பார்கள், காலையில் மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். படுக்கையறை பகலில் உட்காரும் அறையாகிவிடும். நம் வீட்டில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவதும் அதேதான். இந்தப் பாணியை விரும்புகிறவர்கள் தாழ்ந்த கட்டிலும் மூங்கில் விளக்கும் வாங்குவதைவிட, மெத்தையும் பாயும் தலையணையும் மறைவாகப் போக ஓர் அலமாரிக்கு இடம் விடுவது முக்கியம்.

செட்டிநாட்டு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் இப்போது அதிகம் தவறாகப் பின்பற்றுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு என்கிற திறந்த நடுமுற்றம், அதற்கடுத்த இரண்டாங்கட்டு என ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரை பார்வை போகும். காற்றும் அதே கோட்டில் போகும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று. அவை பெரும்பாலும் சீர்ப் பாத்திரமும் பெட்டியும் வைக்கத்தான். குடும்பம் புழங்கியதெல்லாம் நடுவிலிருந்த திறந்த இடத்தில். பொருள் அறைக்குள், மனிதர்கள் வெளியே. இதுதான் அந்த வீட்டின் சூட்சுமம். இதை விட்டுவிட்டு 800 சதுர அடி ஃபிளாட்டில் இரண்டு பருத்த தூண், கனத்த கதவு, பித்தளை யானை என்று நிரப்பினால் நடக்க இடமிருக்காது.

அந்தப் பக்கத்து ஆத்தங்குடி ஊரில் செய்யும் வண்ணத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் விஷயம் வேறு. அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையில் சுடுவது கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வெறுங்காலுக்குக் குளுமை. வீடு முழுக்கப் போட முடியாவிட்டால் பூஜை இடத்திலோ வாசல் நடையிலோ நான்கடிக்கு நான்கடி போட்டாலே வீட்டின் முகம் மாறும். அமிலம் கலந்த கிளீனர் மட்டும் படவே கூடாது. வாடகை வீடானால் பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் அதே வேலையைச் செய்யும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள். வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டலாம்.

1950களில் சண்டிகர் நகரை எழுப்பியபோது சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளும் நம் வெக்கைக்கு ஏற்றவை. பிரம்புப் பின்னலில் முதுகு வேர்க்காது. ரெக்ஸின் சோஃபாவில் மே மாதம் உட்கார்ந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இண்டஸ்ட்ரியல் என்கிற கறுப்பு இரும்பும் பூசாத செங்கல்லும் நியூயார்க்கின் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் பிறந்தது. அங்கே கூரை உயரம், ஜன்னல் பெரிது. பத்தடிக்கும் குறைந்த கூரையுள்ள ஃபிளாட்டில் அது இருட்டாகத்தான் தெரியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் எளிய வழி: ஒரே மரநிறம், ஒரே உலோகம், ஒரே வகைத் துணி. தேக்கு நிறம், பித்தளை, கைத்தறிப் பருத்தி என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், வேறு வேறு வருடங்களில் வாங்கிய பொருட்களும் ஒரே வீட்டைச் சேர்ந்தவையாகத் தெரியும். பாட்டி வீட்டிலிருந்து வந்த பழைய பெஞ்சோ மரப்பெட்டியோ இருந்தால் அதன் நிறத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறமும் விளக்கும்

பெயின்ட் கார்டில் பார்க்கும் நிறம் நான்கு சுவரில் ஏறும்போது அடர்ந்துவிடும். பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். சின்ன டப்பா வாங்கி, எதிரெதிரான இரண்டு சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையும் மாலையும் லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். 60, 30, 10 என்று ஒரு கணக்கு உண்டு: அறையில் கண்ணுக்குப் படுவதில் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்து பங்கு மட்டும் பளிச்சென்ற நிறம். அந்த அறுபதில் தரையும் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஐவரி டைல்ஸ் ஏற்கெனவே ஒரு நிறம். அதற்கு ஒத்துப்போகும் இளம் சந்தனம், வெளிறிய களிமண் நிறம், பச்சை கலந்த சாம்பல் போன்றவை மேற்கு வெயிலிலும் கண்ணை உறுத்தாது. அந்தப் பத்துப் பங்கை தலையணை உறை, ஜமக்காளம், திரைச்சீலை போன்றவற்றில் வைத்துக்கொள்ளுங்கள். அலுத்தால் மாற்றுவது சுலபம்.

விளக்குக்கு நான் இன்னும் அதிக அக்கறை காட்டச் சொல்வேன். நம் வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு ட்யூப்லைட், அதுவும் 6500 கெல்வின் நீல வெள்ளை. கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு. எல்இடி பெட்டியின் மேல் அந்த எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள். 2700 முதல் 3000 வரை என்றால் சாயங்கால மஞ்சள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அது போதும். 4000 என்றால் சமையலறைக்கும் படிக்கும் மேஜைக்கும். ஒரே அறையில் இரண்டையும் ஒன்றாக எரியவிட்டால் சுவரே அழுக்கடைந்ததுபோல் தெரியும். வாட்ஸ் எண்ணைப் பார்க்காமல் லூமென் எண்ணைப் பாருங்கள், வெளிச்சத்தின் அளவு அதுதான்.

ஓர் அறைக்கு ஒரு பெரிய விளக்கைவிட மூன்று சின்ன விளக்குகள் நல்லது. மொத்த அறைக்கு ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று, மூலையில் மங்கலாக ஒன்று. தனித்தனி சுவிட்ச் வேண்டும். சமையல் மேடையில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் லைட் இருந்தால் அவர் நிழல் காய் நறுக்கும் பலகை மேலேயே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் அந்தத் தொல்லை தீரும்.

ஃபால்ஸ் சீலிங் போடுவதாயிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குழி விளக்குகள் ஃபேன் இறக்கைக்கு மேலே வந்தால் நிழல் அறை முழுக்க வெட்டி வெட்டி ஆடும். அரை மணி நேரம் உட்கார முடியாது. இறக்கை வட்டத்துக்கு வெளியே விளக்கை வைக்கச் சொல்லுங்கள். சீலிங்கை இறக்கினால் ஃபேனும் இறங்கும். இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே வராமலும், சீலிங்கிலிருந்து ஓரடியாவது தள்ளியும் இருந்தால்தான் காற்று சரியாக வரும். இது இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து அரையடி உயர்த்தி, இரு பக்கமும் அரையடி நீட்டி மாட்டுங்கள். ஒதுக்கிவிடும்போது துணி சுவர் மேல் ஒதுங்கும், ஜன்னல் முழுக்கக் காற்றுக்குத் திறந்திருக்கும். துணி, கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் கொசுவம் விழும்.

சமையலறை

1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெத்தே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் ஃபிளாட் சமையலறையை ஒத்த அளவு. ஒரு பெண் அங்கே எத்தனை அடி நடக்கிறாள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு, எல்லாம் கைக்கெட்டும்படி வைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை அதுதான். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். காலை இட்லி, சாம்பார், மதியச் சாப்பாட்டு டப்பா மூன்றும் தயாராகும் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். கை எதைத் தேடுகிறது, கால் எங்கே திரும்புகிறது? அஞ்சறைப் பெட்டி அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். தட்டும் டம்ளரும் சிங்க் பக்கம். மேடை உயரம் கடைக்காரர் சொல்வது அல்ல, சமைப்பவரின் முழங்கையிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே. நம்மூரில் பலருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும்.

வெட் கிரைண்டரை மேலே தூக்கி வைக்காதீர்கள். மாவு அரைக்கும் இடம் என்று ஒரு மூலை, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், தண்ணீர் எட்டும் தூரம். கேஸ் சிலிண்டரை மேடைக்குக் கீழே கதவு போட்டு அடைப்பதாயிருந்தால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விடச் சொல்லுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் காற்று நேராகத் தீயில் படாத இடமாகவும் பாருங்கள்.

பூஜை அலமாரியை அங்கேயே வைப்பவர்கள் விளக்குச் சுடருக்கு மேலே இரண்டடியாவது திறந்த இடம் விடுங்கள். பிளைவுட் தட்டு கருகி, லேமினேட் உப்பிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

படுக்கையறை, பாத்ரூம்

10 அடிக்கு 11 அடி அறையில் கட்டிலின் இரு பக்கமும் இரண்டடி வழி வேண்டும் என்றால் குயின் அளவுதான் சரி. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் உள்பக்கம் படுப்பவர் ராத்திரி எழ அடுத்தவரைத் தாண்ட வேண்டியிருக்கும், படுக்கை விரிப்பு மாற்றுவதும் சிரமம். கதவு திறந்ததும் கண்ணில் படுவது பீரோவின் பக்கவாட்டாக இல்லாமல் ஜன்னலாக இருந்தால் அறை விசாலமாகத் தோன்றும். அலமாரியைக் கூரை வரை கட்டிவிடுங்கள். மேலே ஒன்றரை அடி விட்டால் அங்கே சூட்கேசும் அட்டைப்பெட்டியும் ஏறி உட்காரும். பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், பெரியவர் இருந்தால் பிடித்து எழ ஒரு கம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

வாங்கும் வரிசை

முதலில் ஃபேன், விளக்கு, திரைச்சீலை. அடுத்து நல்ல மெத்தை. பிறகு அலமாரிகள். சோஃபா கடைசி. குடி போய் மூன்று மாதம் பாயிலும் நாற்காலியிலும் காலம் தள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது சோஃபாவா, திவானா, ஊஞ்சலா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

மர வேலைக்கு ஆசாரியிடம் பேசும்போது பிளைவுட்டின் தரத்தை எழுதி வாங்குங்கள். தண்ணீர் படும் சமையலறைக்கும் பாத்ரூம் கதவை ஒட்டிய இடத்துக்கும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை கொண்டது. மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 போதும். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு மலிவு, ஆனால் ஈரத் துடைப்பம் தினமும் தொடும் அடிவிளிம்பில் ஊறி உப்பும். வாங்குவதாயிருந்தால் கால் வைத்ததாக வாங்குங்கள். வாடகை வீட்டில் சுவரோடு கட்டும் எதிலும் பணம் போடாதீர்கள். தனியாக நிற்கும் அலமாரி, நிற்கும் விளக்கு, விரிப்பு என்று அடுத்த வீட்டுக்குக் கூட வருபவற்றில் போடுங்கள்.

கடைசியில் ஆணி

படங்களையும் கடிகாரத்தையும் குடி போன அன்றே மாட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். ஒரு மாதம் பொறுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வரட்டும், நிற்பவரின் கண் மட்டம் அது. சோஃபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து எட்டு, பத்து அங்குலம் மேலே தொடங்கினால் போதும். பல சின்னப் படங்களைச் சுவரெங்கும் சிதற விடாமல் ஒரே இடத்தில் கூட்டமாக மாட்டுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் வீட்டைக் கவனியுங்கள். சாவி எங்கே வைக்கப்படுகிறது, ஈரத்துண்டு எந்தக் கதவில் தொங்குகிறது, பள்ளிப் பை எந்த மூலையில் விழுகிறது, செருப்பு வாசலில் எந்தப் பக்கம் குவிகிறது என்று பாருங்கள். பிள்ளைகளைத் திட்டி அந்த இடத்தை மாற்ற முயல வேண்டாம். பை விழுகிற அதே மூலையில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், ஒரு கொக்கி அடியுங்கள். செருப்பு குவிகிற பக்கத்திலேயே ரேக்கை வையுங்கள். என் தங்கை வீட்டில் அப்படி அடித்த கொக்கிகள் மொத்தம் ஏழு. சோஃபா விற்ற இடத்தில் இப்போது ஜன்னலோரம் ஒரு திவான், சுவரோரம் நாலு ஸ்டூல், நடுவில் ஒன்றுமில்லை. போன பொங்கலுக்கு அங்கே ஆறு பேர் படுத்தோம்.